உயிர்ப்பு ஞாயிறுக்கு ஓர் இலேசான சாப்பாடு: சுட்ட மீன், சொதி, நுங்கு

பாஸ்கா திருவிழிப்பு முடிந்து கோயிலில் இருந்து வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். பிள்ளைகள் தோளில் நித்திரை. அம்மாமார் சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குப் போவார்கள். நாற்பது நாளாக இறைச்சி காணாத சட்டியில் கோழி கொதிக்கத் தொடங்கும். விடிந்தால் இடியப்பத்துடன் அந்தக் கோழிக்கறி, மதியம் ஆட்டிறைச்சிப் புரியாணி, பின்னேரம் சொந்தக்காரர் கொண்டுவரும் கேக்கும் றோல்ஸும். திங்கட்கிழமை காலையில் வீட்டில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இஞ்சித் தண்ணீர் குடிப்பார்கள். யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்குகளில் வளர்ந்த பலருக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

இந்தச் சாப்பாட்டைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. வருடத்தில் ஒரு நாள் வயிறு நிறையச் சாப்பிடும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அதைச் செய்ய விரும்பாத வீடுகளும், செய்ய முடியாத வீடுகளும் எங்கள் ஊர்களில் நிறைய இருக்கின்றன. அவர்கள் அந்த நாளில் என்ன சமைப்பது, எப்படிச் சமைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் இதில் உள்ள சமையல் உதவும். சித்திரை வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதலில் நாட்காட்டி. உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22 இற்கும் ஏப்ரல் 25 இற்கும் இடையில் வரும். மார்ச் 21 அன்று அல்லது அதற்குப் பின்னர் வரும் முதலாவது முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. அதாவது எங்கள் பங்குனியிலோ சித்திரைத் தொடக்கத்திலோ. சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14 இல் வருவதால் இரண்டு கொண்டாட்டங்களும் பல ஆண்டுகளில் ஒரே கிழமைக்குள் விழுந்துவிடும். இரண்டு கொண்டாட்டத்துக்கும் இறைச்சி வாங்குவதென்றால் என்ன செலவு என்பது 2022 ஐக் கடந்து வந்தவர்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதன் பிறகு வேகம் குறைந்தது. ஆனால் வேகம் குறைவதும் விலை குறைவதும் ஒன்றல்ல.

காசு ஒரு காரணம். வெயில் இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தைச் சொல்வதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

2009 இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12 இல் வந்தது. புதுமாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் ஒடுங்கிய கரையில் தறப்பாளுக்குக் கீழே அந்த ஞாயிறைக் கழித்தவர்கள் இன்றும் எங்கள் பங்குகளில் இருக்கிறார்கள். 2019 இல் அது ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். இந்த வீடுகளில் எல்லாம் உயிர்ப்பு ஞாயிறு என்பது ஒரே நேரத்தில் பெருநாளும் நினைவு நாளும். பட்டினி கிடக்கவும் மனம் இடம் கொடுக்காது, பெரிய சட்டி வைக்கவும் கை வராது.

முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் என் மாமி ஒருவர் 2009 இற்குப் பிறகு அந்த நாளில் புரியாணி சமைத்ததில்லை. நேர்த்தி ஒன்றும் இல்லை. அது மகனுக்கு விருப்பமான சாப்பாடு, அவ்வளவுதான். விடியப்புறம் கரைக்குப் போய் வலை இழுப்பவர்களிடம் நாலு மீன் வாங்கி வருவார். சிரட்டைத் தணலில் சுட்டு, தேசிக்காய் பிழிந்து, சொதியும் இடியப்பமும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வாசலில் இருப்பார். அந்த மேசையில் இருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

ஐரோப்பாவின் வசந்தமும் எங்கள் இளவேனிலும்

சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் உறவினர் இந்தக் காலத்தில் அனுப்பும் படங்களைப் பார்த்தால் மேசை முழுக்கப் பச்சையாக இருக்கும். அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து மாதம் உறைந்து கிடந்த நிலத்தில் முதல் கீரை, முதல் முள்ளங்கி, முதல் பட்டாணி வரும் நேரத்தில்தான் பெருநாளும் வருகிறது. ஜேர்மனியில் பெரிய வியாழனுக்குப் 'பச்சை வியாழன்' என்றுதான் பெயர். அன்று கீரையும் இலைவகைகளும் சாப்பிடுவது அங்கே வழக்கம். இத்தாலியின் லிகூரியா பகுதியில் கீரையும் பாற்கட்டியும் முழு முட்டைகளும் உள்ளே வைத்து மெல்லிய மாவுத் தாள்களால் மூடிச் சுடும் ஒரு பணியாரம் இந்த நாளுக்கே உரியது. இயேசுவின் வயதைக் குறித்து 33 தாள் அடுக்குவது பழைய முறை என்பார்கள். நோர்வேக்காரர் பனிமலைக் குடில்களுக்குத் தோடம்பழம் கட்டிக்கொண்டு போவார்கள். செம்மறிக்குட்டி இறைச்சி பெரும்பாலான நாடுகளில் உண்டு. அது யூதர்களின் பாஸ்காவில் இருந்து வந்த வழி.

இந்தப் படங்களைப் பார்த்து இங்கே சூப்பர்மார்க்கெட்டில் விலை கூடிய இறக்குமதி மரக்கறி தேடுவதில் அர்த்தம் இல்லை. அங்கே அவர்கள் செய்வது, அந்த மாதத்தில் தங்கள் நிலம் தருவதை மேசையில் வைப்பது. எங்கள் பழைய பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். அந்த நேரத்தில் எங்கள் நிலத்தில் என்ன இருக்கிறது? மாமரத்தில் காய். முருங்கையில் காய். கிணற்றடியில் வல்லாரை. தோட்டத்தில் வெள்ளரிப்பிஞ்சும் வத்தகப்பழமும். பனையில் கருப்பநீரும், கொஞ்சம் பொறுத்தால் நுங்கும். கடலில் மீன். எங்கள் வசந்தச் சாப்பாட்டுக்கு இவ்வளவும் தாராளம்.

'மரபை மாற்றுகிறாயா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புரியாணி எங்கள் வீட்டு உயிர்ப்பு ஞாயிறுக்குள் வந்தது என் கண் முன்னால்தான். அதற்கு முன்னர் சோறும் கறியும். மரபு என்று நாங்கள் நினைப்பதில் பாதி, எங்கள் பெற்றோர் ஆசைப்பட்டுத் தொடங்கியவை.

கரையில் எரிந்த தணல்

உயிர்ப்பு ஞாயிறில் மீன் என்று சொன்னவுடன் வீட்டில் எழும் எதிர்ப்பு எனக்குத் தெரியும். நாற்பது நாளும் மீன்தானே தின்றது, இன்றைக்குமா? சுத்தபோசனத்துக்கு இறைச்சியை விலக்கிய வீட்டில் மீன் என்பது ஒறுத்தலின் அடையாளம். அது நியாயமான மறுப்புத்தான்.

ஆனால் உயிர்த்த இயேசு சாப்பிட்டதாக நற்செய்தி நூல்கள் சொல்லும் உணவு மீன். லூக்காவின் 24 ஆம் அதிகாரத்தில், அந்த ஞாயிறு இரவே எருசலேமில் சீடர்கள் கொடுத்த சுட்ட மீன் துண்டு ஒன்றை அவர்கள் முன்னால் உண்கிறார். யோவானின் 21 ஆம் அதிகாரம் சில நாள் பிந்திய காட்சி. ஏழு சீடர்கள் இரவு முழுக்க வலை போட்டு ஒன்றும் படாமல் விடியற்காலையில் கரைக்கு வருகிறார்கள். கரையில் நிற்பவர் வலப்பக்கம் வலையை வீசச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள். கரையேறிப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே தணல் எரிகிறது. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். காலைச் சாப்பாட்டுக்கு அவரே கூப்பிடுகிறார்.

குருநகரிலோ பாசையூரிலோ பேசாலையிலோ இந்தப் பகுதியை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெறும் வலையோடு திரும்பும் விடியல் எப்படி இருக்கும் என்று தெரியும். மீனை எண்ணியவன் ஏன் எண்ணினான் என்றும் தெரியும். அந்தச் சாப்பாட்டை ஒறுத்தல் என்று சொல்ல முடியாது.

வன்னியில் கடலுக்குத் தூரமாக இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. கலிலேயா ஏரியில் 'பேதுருவின் மீன்' என்று இன்றைக்கும் விற்கப்படுவது எங்கள் குளங்களில் படும் திலாப்பியாவின் நெருங்கிய இனம். இலங்கைக்குத் திலாப்பியா 1952 இல் கொண்டுவரப்பட்டது. இரணைமடுவிலோ கட்டுக்கரைக்குளத்திலோ பிடித்த மீனைச் சுடுபவர், விலை கூடிய கடல்மீன் சுடுபவரைவிட அந்த ஏரிக்கரைக்குக் கிட்டவாகத்தான் இருக்கிறார்.

இனிச் செய்முறை. ஆறு பேருக்கு முக்கால் கிலோ அளவில் இரண்டு முழு விளைமீன். பாரையும் நல்லது. செதிள் எடுத்து, குடல் நீக்கி, பூவை எடுத்துவிட்டு, தலையோடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மும்மூன்று கீறல், முள்ளைத் தொடும் ஆழத்துக்கு. ஆறு பல் உள்ளி, இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி நற்சீரகம், ஒரு தேக்கரண்டி மஞ்சள், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. இவற்றை அம்மியில் கரகரப்பாக அரைத்து, இரண்டு தேசிக்காயின் புளியும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்துக் கீறலுக்குள் போகும்படி பூசுங்கள். மிளகாய்த்தூள் வேண்டாம். தணலில் அது கருகிக் கசக்கும், மீனின் வாசத்தையும் மூடிவிடும். பூசிய மீன் இருபது நிமிடம் இருந்தால் போதும். முதல் நாள் இரவே பூசி வைப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தேசிக்காய்ப்புளி நேரம் கூடினால் சதையை வெளிற வைத்து இறுக்கிவிடும். திருவிழிப்புக்குப் போகும் முன்னர் மீனைத் துப்புரவாக்கி உப்பு மட்டும் தடவிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மற்றதெல்லாம் காலையில்.

குளத்து மீனென்றால் சேற்று வாசம் இருக்கும். உப்பும் பழப்புளியும் போட்டு நன்றாகத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு, இரண்டு தண்ணீரில் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். வயிற்றின் உட்பக்கத்தில் உள்ள கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுக்க மறக்கக்கூடாது. வாசத்தில் பாதி அதில் இருக்கிறது.

வாழையிலையை நெருப்பில் காட்டி வாட்டி, இரண்டு மடிப்பாக மீனைச் சுற்றி நாரால் கட்டுங்கள். சிரட்டைகளைக் கொளுத்தி, சுவாலை அடங்கி மேலே சாம்பல் படியும்வரை பொறுத்திருங்கள். பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். இந்தப் பொறுமை இல்லாததால்தான் பலருடைய மீன் வெளியே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் இருக்கிறது. கம்பி வலையின் மேல் ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு நிமிடம், திருப்பி மற்றப் பக்கமும் அவ்வளவு. கடைசியில் இலையைப் பிரித்து இரண்டு நிமிடம் நேரே தணலில் காட்டினால் தோல் மொறுமொறுக்கும். நடு முள்ளருகில் கரண்டி நுனியால் நெம்பிப் பாருங்கள். சதை வெள்ளையாகி முள்ளைவிட்டுக் கழன்றால் பதம். மாடிவீட்டில் தணல் போட முடியாதவர்கள் இலைப்பொதியைத் தோசைக்கல்லில் வைத்து, மூடி போட்டு, சின்ன நெருப்பில் அதே நேரக் கணக்கில் வேகவிடலாம். புகை வாசம் மட்டும் கிடைக்காது.

கையில் காசு குறைவென்றால் சூடை வாங்குங்கள். இலையும் வேண்டாம், மசாலாவும் வேண்டாம். உப்பும் மிளகும் தடவி நேரே தணலில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். என் நாக்குக்கு விளைமீனைவிட இதுதான் பிடிக்கும்.

இன்னொன்று. கடலில் மீன் சுட்டுச் சாப்பிடுவது எங்கள் ஆண்களுக்குப் பழக்கமான வேலை. இந்தச் சாப்பாட்டின் முக்கிய சமையலை அவர்களிடம் ஒப்படைக்கலாம். இரவு முழுக்கக் கோயிலில் நின்ற பெண்கள் காலையில் அடுப்படியிலும் நிற்கவேண்டும் என்று எந்த நற்செய்தியிலும் எழுதப்படவில்லை.

முட்டை, சொதி, இடியப்பம்

ஈஸ்டர் முட்டையைச் சொக்லேட் கொம்பனிக்காரர் கண்டுபிடித்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். இடைக்கால மேற்கத்தேயத் திருச்சபையில் தவக்காலம் முழுவதும் இறைச்சியோடு முட்டையும் பாலும் விலக்கப்பட்டிருந்தன. கோழிக்கு அந்தச் சட்டம் தெரியாது. அது இட்டுக்கொண்டே இருந்தது. நாற்பது நாள் சேர்ந்த முட்டைகளைத் தீர்க்கும் நாளாக உயிர்ப்பு ஞாயிறு வந்தது. கிழக்குத் திருச்சபைகளில் அந்த விலக்கு இன்னும் உண்டு. கிரேக்கர் அன்று சிவப்புச் சாயமிட்ட முட்டைகளை ஒன்றோடொன்று மோதி உடைத்து விளையாடுவார்கள்.

சொக்லேட் முட்டை வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சிவப்பு முட்டையை நாங்களே செய்யலாம். பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலைத் தவக்காலம் முழுக்க ஒரு பையில் சேர்த்து வையுங்கள். பத்து வெங்காயத்தின் தோலை ஒரு லீற்றர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஒரு மேசைக்கரண்டி வினாகிரி ஊற்றுங்கள். அதற்குள் முட்டைகளை வைத்துச் சின்ன நெருப்பில் பன்னிரண்டு நிமிடம் அவித்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டால் செங்கல் நிறம் ஏறும். அவிக்க முன்னர் முட்டையின் மேல் ஒரு முருங்கையிலைக் கொத்தை ஒட்டி, மெல்லிய துணியால் இறுகக் கட்டினால் இலையின் வடிவம் ஓட்டில் வெளிறிப் பதியும். வெள்ளை முட்டையில் தெளிவாக வரும், பழுப்பு முட்டையிலும் தெரியும். எங்கள் வெயிலில் அவித்த முட்டையை நெடுநேரம் வெளியே வைக்கக்கூடாது. காலையில் காட்டி மகிழ்ந்துவிட்டுச் சொதிக்குள் போட்டுவிடவேண்டும்.

முட்டைச் சொதி யாழ்ப்பாணத்தில் காய்ச்சல்காரருக்கும் கொடுக்கும் சாப்பாடு. அதனாலேயே அதற்கு ஒரு பெருநாள் மதிப்புக் கிடைக்காமல் போய்விட்டது. நன்றாக வைத்தால் அதைவிட இலேசான, அதைவிட நிறைவான கறி எனக்குத் தெரியாது. ஒரு தேங்காயைத் துருவி முதற்பால் ஒரு கோப்பை, இரண்டாம் பால் மூன்று கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாலில் பத்துச் சின்ன வெங்காயம், கீறிய மூன்று பச்சைமிளகாய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, உப்பு. வெங்காயம் அவியும்வரை, எட்டுப் பத்து நிமிடம். ஒரு பிடி முருங்கையிலை இருந்தால் இந்த நேரத்தில் போடலாம். பிறகு ஆறு அவித்த முட்டைகளைப் பாதியாக வெட்டி வைத்து, முதற்பாலை ஊற்றி, நெருப்பைக் குறைத்துத் துழாவிக்கொண்டே இருங்கள். பொங்கி வரும்போதே இறக்கிவிடவேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரையும். தேசிக்காய்ப்புளி இறக்கிக் கொஞ்சம் ஆறிய பிறகுதான்.

இதற்கு இடியப்பம். சிவப்பரிசி மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன்மா கலந்தால் சீனி வருத்தக்காரருக்கும் பயமில்லாமல் இரண்டு கூடக் கொடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். கலந்தாலும் எண்ணித்தான் சாப்பிடவேண்டும். இடியப்பம் பிழிய ஆளில்லாத வீட்டில் பாண் போதும். யோவானின் கரையில் இருந்ததும் ஏறக்குறைய அதுதான்.

கஞ்சியைப் பற்றி யாராவது கேட்கக்கூடும். இலேசான சாப்பாடு என்றால் அதைவிட எது? எங்களுக்கு அது மே 18 இன் உணவு. அதற்கு அதன் நாள் இருக்கிறது. இந்த மேசைக்கு அதை நான் கொண்டுவரவில்லை.

பச்சையாகச் சாப்பிடுவன

மீனுக்குப் பக்கத்தில் மாங்காய்ச் சம்பல் ஒன்று கட்டாயம் வேண்டும். தோல் சீவிய ஒரு பெரிய மாங்காயைத் துருவி, அரிந்த எட்டுச் சின்ன வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, உப்பு, ஒரு சிட்டிகை சீனி சேர்த்துக் கையால் பிசறுங்கள். பிசறி அரைமணிக்கு மேல் வைத்தால் தண்ணீர் விட்டுவிடும்.

வல்லாரைச் சம்பலைச் சொல்லித்தரத் தேவையில்லை. எல்லா வீட்டிலும் செய்கிறார்கள். ஆனால் அதற்கு இந்த மேசையில் ஒரு தனி இடம் உண்டு. யாத்திராகமத்தின் 12 ஆம் அதிகாரத்தில் பாஸ்கா இரவில் இறைச்சியோடு கசப்புக் கீரைகளையும் உண்ணும்படி சொல்லப்பட்டிருக்கிறது, அடிமை வாழ்வின் கசப்பை மறக்காதிருக்க என்று யூதர்கள் அதற்கு விளக்கம் சொல்வார்கள். இறைச்சியை நாங்கள் எடுத்துக்கொண்டோம், கீரையை விட்டுவிட்டோம். வல்லாரையைச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னர் மட்டும் அரியுங்கள். முன்கூட்டியே அரிந்து வைத்தால் கறுத்து, கசப்பும் கூடும். ஒரு கட்டு வல்லாரைக்குக் கால் மூடித் தேங்காய்ப்பூவும் பாதித் தேசிக்காயும் அளவு.

மூன்றாவதாக முளைப்பயறு. 200 கிராம் பயறை வெள்ளி இரவு ஊறவைத்து, சனி காலையில் வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஞாயிறு காலையில் முளை எட்டிப் பார்க்கும். பெரிய வெள்ளியன்று இருட்டில் போட்டது ஞாயிறு முளைக்கிறது என்று மறைக்கல்வி ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம். நான் சாப்பாட்டுக்காகச் சொல்கிறேன். முளைகளை இரண்டு நிமிடம் ஆவியில் வைத்து எடுங்கள். இந்த வெயிலில் முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிட நான் சொல்லமாட்டேன், கிருமி பெருகும் சூடும் ஈரமும் அந்தத் துணிக்குள் இருக்கிறது. ஆறிய பயறோடு சின்னத் துண்டுகளாக வெட்டிய வெள்ளரிப்பிஞ்சு, தக்காளி, வெங்காயம், தேசிக்காய்ப்புளி, மிளகு. கொஞ்சம் தேங்காய்ப்பூ தூவினால் வயிறு நிறையும். மீன் சாப்பிடாதவர்களுக்கு இதுவே பிரதான உணவு.

நுங்குக்காக ஒரு வழக்கு

கடைசியாக இனிப்பு. வெண்ணெயும் சீனியும் முட்டையும் கூடிய கேக்குக்குப் பதிலாக நுங்கை வைக்கலாம்.

யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் நுங்கு வெட்டுவதை அவ்வளவாக விரும்பமாட்டார்கள். ஒரு குலை நுங்கு வெட்டினால் ஆவணியில் விழவேண்டிய பனம்பழம் போகும், பனம்பழம் போனால் பனாட்டும் கிழங்கும் ஒடியலும் போகும் என்பது அவர்கள் கணக்கு. சரியான கணக்கு. அதுவும் ஷெல்லுக்குத் தலை கொடுத்தும், பதுங்குகுழிகளுக்குக் குற்றியாகியும் பனைகள் அழிந்த நிலத்தில் ஒவ்வொரு குலைக்கும் கணக்குப் பார்ப்பதில் பிழையில்லை. ஆகவே ஒரு குலை போதும். வருடத்தில் ஒரு முறை.

பத்துப் பன்னிரண்டு நுங்குகளை எடுத்து, மேல் தோலைக் கையால் உரித்து, சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரைச் சிந்தவிடாமல் அதே பாத்திரத்தில் பிடிக்கவேண்டும். குட்டானில் இருந்து மூன்று மேசைக்கரண்டி பனங்கட்டியைச் சீவி, இரண்டு மேசைக்கரண்டி சுடுதண்ணீரில் கரைத்து, வடித்து, ஆறவிடுங்கள். ஒரு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பாலில் அதைக் கலந்து, ஓர் ஏலக்காயின் தூளும் ஒரு துளி உப்பும் சேர்த்து, சாப்பிடப் போகும் நேரத்தில் நுங்கின் மேல் ஊற்றவேண்டும். காய்ச்சாத தேங்காய்ப்பால் இந்த வெயிலில் சீக்கிரம் புளிக்கும். மீந்தால் வைத்துச் சாப்பிடவேண்டாம். முற்றிய நுங்கு கடைவாயில் இறுகும், வயிற்றையும் குழப்பும். பெருவிரலால் அழுத்தினால் உள்வாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்.

உயிர்ப்பு ஞாயிறு மார்ச்சில் வரும் ஆண்டுகளில் நுங்கு இன்னும் பிடித்திருக்காது. அப்போது வத்தகப்பழம். துண்டுகளாக வெட்டி, தேசிக்காய்ப்புளியும் மிளகும் தூவி, வேறொன்றும் சேர்க்காமல். பப்பாசிக்கும் இதுவே முறை. காலையில் கருப்பநீர் எடுக்கக் கூடியவர்கள் அதை வைனுக்குப் பதிலாக வையுங்கள். முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கிய புளிக்காத பனஞ்சாறு அது. பிள்ளைகளும் குடிக்கலாம்.

வேலை ஒழுங்கு இப்படி இருந்தால் யாரும் களைக்கமாட்டார்கள். பயறு வெள்ளி இரவே தண்ணீருக்குள் போய்விடும். மீன் சனி பின்னேரம் துப்புரவாகி உப்போடு இருக்கும். கோயிலால் வந்ததும் படுத்துவிடலாம், பசித்தவருக்கு வாழைப்பழமும் பாணும். ஞாயிறு எட்டு மணிக்குத் தணல் போட்டால் ஒன்பதரைக்குச் சாப்பாடு. வெயில் ஏற முன்னர் பாத்திரமும் கழுவி முடிந்துவிடும். தனியாக இருப்பவர்கள் மீனை மட்டும் ஒன்றுக்கு இரண்டாகச் சுடுங்கள். தணல் எப்படியும் எரியப்போகிறது. என் மாமியின் முற்றத்தில் அந்த இரண்டாவது மீன் ஒருபோதும் மத்தியானம்வரை இருந்ததில்லை. வேலியால் எட்டிப் பார்க்கும் யாருக்காவது போய்விடும்.

அப்படியும் மீந்தால், ஆறிய உடனேயே முள் நீக்கி உதிர்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் காலையில் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாயோடு சட்டியில் இரண்டு பிரட்டுப் பிரட்டி, தேசிக்காய் பிழிந்து இறக்கினால் திங்கட்கிழமைப் பாணுக்குச் சம்பல் ஆயிற்று.